மெக்ஸிகோ திருமணப் பதிவேட்டில் ‘மூன்றாம் படி உறவு’: அது எந்த மூன்று?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் 1894-இல் மெக்ஸிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில், லோஸ் ஆல்தோஸ் என்ற மேட்டுப்பகுதியில் ஒரு தேவாலயத்தில் மணந்திருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்குக் கீழே ‘தெர்செர் கிராதோ தே கொன்சாங்கினிதாத்’, அதாவது மூன்றாம் படி இரத்த உறவுக்கு விலக்கு (தடையைத் தளர்த்தித் திருச்சபை தரும் அனுமதி) பெற்றவர்கள் என்று எழுதியிருக்கிறது. இணையத்தில் தேடினால் மூன்றாம் படி என்பது மாமனும் அக்காள் மகளும் என்று வருகிறது. நம் ஊரில் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் அங்கேயும் உண்டா, அல்லது குடும்ப மரத்தில் எங்கோ பிழையா என்கிறீர்கள். கூடவே இரண்டு கேள்விகள். காகிதப்படி மூன்றுவிட்ட உறவான ஒருவரோடு உங்கள் மனைவிக்கு டிஎன்ஏ 160 சென்டிமார்கன் (பொதுவாக இருக்கும் டிஎன்ஏ-வை அளக்கும் அலகு) பொருந்துவது ஏன்? இதனால் உங்கள் மகளுக்கு ஏதாவது பாதிப்பு வருமா?

உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது ஒரே ஒரு சந்தேகம்: ‘மூன்றாம் படி’ என்பதை யார் எண்ணியது? 1894-ஆம் ஆண்டுத் தேவாலயப் பதிவேட்டில் மூன்றாம் படி என்றால் அவர்கள் மாமனும் மருமகளும் (அதாவது அக்காள் மகளும்) அல்ல, இரண்டுவிட்ட உறவினர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகளில் இரண்டு பேர் உடன்பிறந்தவர்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே ‘மூன்றாம் படி’ மூன்று இடங்களில் மூன்று உறவைக் குறிக்கிறது. மெக்ஸிகோவின் உரிமையியல் சட்டம் ரோமானிய முறையில் எண்ணும். அதில் மூன்றாம் படி மாமன்–மருமகள். மரபியல் மருத்துவர்கள் ‘மூன்றாம் நிலை உறவு’ என்றால் ஒன்றுவிட்ட உறவினர்கள். அன்றைய கத்தோலிக்கத் திருச்சபைக்கு மூன்றாம் படி என்றால் இரண்டுவிட்டவர்கள். நீங்கள் படித்த பக்கம் முதல் கணக்கைச் சொல்கிறது. உங்கள் ஆவணம் கடைசிக் கணக்கில் எழுதப்பட்டது.

திருச்சபையின் பழைய கணக்கு மிக எளிது. இருவருக்கும் பொதுவான மூதாதையரை மேலே வையுங்கள். அவரைப் பதிவேடுகள் ‘திரொங்கோ’ என்று சொல்லும், அடிமரம் என்று பொருள். அவருடைய பிள்ளைகள், அதாவது உடன்பிறந்தவர்கள், முதல் படி. அவர்களுடைய பிள்ளைகள் இரண்டாம் படி. பேரப்பிள்ளைகள் மூன்றாம் படி. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினால் போதும், இரண்டு பக்கத்தையும் கூட்டக் கூடாது. நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. படி எண்ணில் ஒன்றைக் கழித்தால் நம்முடைய ‘விட்ட’ கணக்கு அப்படியே வந்துவிடும்: இரண்டாம் படி ஒன்றுவிட்டவர், மூன்றாம் படி இரண்டுவிட்டவர், நான்காம் படி மூன்றுவிட்டவர். ரோமானிய முறையில் இரண்டு பக்கத்தையும் கூட்டுவதால், உங்கள் 1894 தம்பதி அந்தக் கணக்கில் ஆறாம் படியில் வருவார்கள்.

இரண்டு பக்கமும் சமமாக இல்லாதபோது பதிவேடு இரண்டு எண்ணையும் எழுதும். ‘செகுந்தோ கொன் தெர்செரோ’, அதாவது இரண்டாம் படியோடு மூன்றாம் படி என்றால், ஒருவர் அடிமரத்தின் பேரன், மற்றவர் கொள்ளுப்பேத்தி. தன் ஒன்றுவிட்ட அண்ணனின் மகளை மணந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமன்–மருமகள் உறவு இந்த எழுத்தில் ‘பிரிமெரோ கொன் செகுந்தோ’, முதல் படியோடு இரண்டாம் படி என்று வரும். அப்படிப்பட்ட திருமணங்களும் மெக்ஸிகோவில் நடந்திருக்கின்றன; ஆனால் அரிது, விலக்கு கிடைப்பதும் கடினம். சமமான வரிசையென்றால் ‘இகுவால்’, சமமில்லாவிட்டால் ‘தெசிகுவால்’ என்ற சொல் வரும். உங்கள் பதிவில் ‘இகுவால்’ இருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தால் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் சமமென்றே கொள்ளலாம்.

இந்த எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறியவை. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம் ஏழாம் படிவரை இருந்த தடையை நான்காம் படிவரை குறைத்தது. மெக்ஸிகோவின் காலனிக் காலம் முழுவதும், 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அதுதான் சட்டம். மூன்றுவிட்ட உறவுக்குக்கூட விலக்கு வாங்க வேண்டும். 1917-இல் வெளிவந்து 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு தடையை மூன்றாம் படியோடு நிறுத்தியது. 1983-இல் வந்த தொகுப்பு எண்ணும் முறையையே மாற்றி ரோமானியக் கணக்குக்குப் போனது. இப்போது பக்கவழியில் நான்காம் படிவரை தடை, அதாவது ஒன்றுவிட்ட உறவோடு முடிந்துவிடுகிறது. ஆகவே ‘நான்காம் படி’ என்று 1850-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பார்த்தால் மூன்றுவிட்டவர்கள். 1990-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பார்த்தால் ஒன்றுவிட்டவர்கள். ஆண்டைப் பார்க்காமல் படியை மொழிபெயர்த்து மரத்தில் ஏற்றுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டீர்கள். ஒப்பிடலாம், ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். நமக்கு மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை. ஸ்பானிய மொழியில் எல்லோரும் ‘பிரிமா’தான். தேவாலயமும் பங்காளி வழியா மாமன் வழியா என்று பார்க்கவில்லை, தூரத்தை மட்டுமே பார்த்தது. அதனால் அண்ணன் தம்பி இருவரின் பேரப்பிள்ளைகள் மணந்துகொண்டதைப் பார்த்தால் ‘முறை தவறியது’ என்று தோன்ற வேண்டாம். அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது. முறைப்பெண் போன்ற உரிமையும் அங்கே இல்லை. திருச்சபைச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட உறவு, அனுமதி வாங்கினால் மட்டுமே செல்லும். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் மாமன் மகளைக் கட்ட இன்றைக்கும் ஆயரிடம் விலக்கு வாங்குகிறார்களே, அதே சட்டத்தின் பழைய, இன்னும் கடுமையான வடிவம்தான் அங்கே இருந்தது.

அடுத்து, படி எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லை விட்டுவிடாதீர்கள். உங்கள் பதிவில் ‘கொன்சாங்கினிதாத்’ என்று இருப்பதால் அது இரத்த உறவு. அந்த இடத்தில் ‘அஃபினிதாத்’ என்று இருந்தால் கதையே வேறு: மனைவியை இழந்தவர் அவளுடைய தங்கையையோ ஒன்றுவிட்ட சகோதரியையோ மணக்கிறார் என்று பொருள். மணமக்கள் இருவருக்கும் இடையே இரத்த உறவு இல்லை. ‘அஃபினிதாத் இலீசிதா’ என்றால் திருமணத்துக்கு வெளியே, மற்றவரின் உறவினரோடு ஏற்பட்ட உடலுறவால் உண்டான தடை. ஞானப்பெற்றோர் வழியாக வரும் ஆன்மிக உறவுக்கும் விலக்கு வாங்கியிருக்கிறார்கள். ‘விலக்கு’ என்ற ஒரு சொல்லைக் கண்டதும் ஒன்றுவிட்டவர்கள் என்று மரத்தில் எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். ‘இரண்டு வரிசையில்’ என்றோ ‘தோப்ளே’ என்றோ இருந்தால் அவர்கள் இரண்டு வழியில் உறவு; அந்தச் சொல் உங்கள் டிஎன்ஏ கேள்விக்கு உதவும், பின்னால் வருகிறேன்.

திருமணப் பதிவேட்டில் நீங்கள் பார்த்தது ஒரு வரிச் சுருக்கம்தான். அதன் பின்னால் ஒரு முழுக் கோப்பு உண்டு. ‘இன்ஃபோர்மசியோன் மாத்ரிமொனியால்’ அல்லது ‘திலிஹென்சியாஸ்’ என்று அதற்குப் பெயர். அதைத் தேடிப் பிடிப்பதுதான் உங்களுடைய அடுத்த வேலை. முதல் பக்கத்தில் மணமகன் பங்குத்தந்தைக்கு எழுதிய விண்ணப்பம்: எந்த ஊர், எந்தப் பண்ணை, பெற்றோர் யார், யாரை மணக்க விரும்புகிறான். அடுத்து ஒரு சின்ன வரைபடம். உச்சியில் ‘திரொங்கோ’ என்று எழுதி ஒரு தம்பதியின் பெயர், அதிலிருந்து இரண்டு கோடு இறங்கும். இடது கோட்டில் மூன்று பெயர், வலது கோட்டில் மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே முதல், இரண்டாம், மூன்றாம் படி. கடைசிப் பெயர்கள் மணமக்கள். வரைபடம் இல்லாமல் அதையே வாக்கியமாக எழுதிய கோப்புகளும் உண்டு. பிறகு ஏன் விலக்கு வேண்டும் என்ற காரணங்கள், பெண் யாருடைய கட்டாயமும் இல்லாமல் சம்மதிக்கிறாள் என்ற அவளுடைய வாக்குமூலம், மூன்று நான்கு பெரியவர்களின் சாட்சியம். ஒவ்வொரு சாட்சிக்கும் வயது, தொழில், குடும்பத்தை எப்படித் தெரியும் என்பது இருக்கும். கடைசியில் ஆயர் அலுவலகத்தின் ஆணை. பெரும்பாலும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க வேண்டும், இத்தனை செபமாலை சொல்ல வேண்டும் என்ற தவக்கடனோடு. அதன்பிறகுதான் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்துத் திருமணம். ஒரே கோப்பில் நான்கைந்து தலைமுறைப் பெயர்கள் கிடைக்கும் இடம் மெக்ஸிகோ ஆவணங்களில் இதைவிட்டால் வேறு எதுவும் இல்லை என்பேன்.

இந்தக் கோப்பின் ஒரு பிரதி பங்குக் கோவிலிலும் இன்னொன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இருக்கக்கூடும். எந்த மறைமாவட்டம் என்பதைத் திருமண ஆண்டுதான் முடிவு செய்யும், இன்றைய மாநில எல்லை அல்ல. குவாதலஹாரா 1548-இல் உருவானது. லோஸ் ஆல்தோஸ் அதற்குள் வரும், ஆகவே உங்கள் 1894 கோப்பை அங்கேதான் தேட வேண்டும். இதே கேள்வியை நுவேவோ லியோனிலோ டெக்ஸாஸிலோ வேர் உள்ள ஒருவர் கேட்டால் 1777 முக்கியம். அந்த ஆண்டு லினாரெஸ் மறைமாவட்டம் உண்டாகும்வரை அந்த வடகிழக்குப் பகுதியின் விலக்குகளும் குவாதலஹாராவுக்கே போயின. சிவாவா, நியூ மெக்ஸிகோ பகுதிகளுக்கு 1620-இல் உண்டான துராங்கோ. மிச்சோவகானுக்கும் குவானஹுவாத்தோவின் பெரும்பகுதிக்கும் மொரேலியாவில் உள்ள காசா தே மொரேலோஸ் காப்பகம். குவாதலஹாராவின் விலக்குக் கோப்புகள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆண்டுவாரியாகப் படமெடுக்கப்பட்டு, பேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சில படங்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது. அந்த அமைப்பின் உள்ளூர் மையத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் கிடைக்கவில்லை என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பெயர் ஏற்றப்படாத தொகுதிகள் நிறைய. திருமணத் தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு வருடம் வரை பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். திருமணம் ஜனவரியில் நடந்திருந்தால் கோப்பு முந்தைய ஆண்டுத் தொகுதியில் இருக்கக்கூடும். மணமக்கள் வெவ்வேறு பங்கைச் சேர்ந்தவர்கள் என்றால் இரண்டு பங்கிலும் பாருங்கள். திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில்தான் நடந்திருக்கும்.

அதே தம்பதிக்கு அரசுப் பதிவும் தேடுங்கள். அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் 1859-இல் உரிமையியல் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் படையெடுப்புப் போர் முடிந்து 1867-க்குப் பிறகுதான் அது நாடெங்கும் ஓரளவு வேரூன்றியது. அந்தப் பிறப்புப் பதிவுகளில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்கள் வழக்கமாக இருக்கும், அது பெரிய உதவி. ஆனால் கிராமத்தில் பலர் தேவாலயத்தில் மட்டும் மணம் செய்துகொண்டார்கள். அரசு அதைத் திருமணமாக ஏற்காததால் அவர்களுடைய பிள்ளைகள் அரசுப் பதிவில் ‘இஹோ நதுரால்’, அதாவது மணமாகாத பெற்றோரின் பிள்ளை என்றும், அதே பிள்ளை ஞானஸ்நானப் பதிவில் ‘இஹோ லெஹீதிமோ’ என்றும் இருப்பதைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே குழந்தைதான். தனித்தனி ஆட்களாகப் பிரித்துவிடாதீர்கள்.

கோப்பு கிடைத்ததும் அதில் சொல்லும் காரணங்களைப் படிக்க ஆசை வரும். படியுங்கள், ஆனால் அப்படியே நம்பாதீர்கள். ஊர் சிறியது, சமமான தகுதியில் உறவல்லாத மாப்பிள்ளை கிடைக்கவில்லை, பெண்ணுக்கு 24 வயது கடந்துவிட்டது, வரதட்சணைக்கு வழியில்லை, பெண் அனாதை, இருவரும் ஏற்கெனவே கூடிவிட்டார்கள், மணம் நடக்காவிட்டால் பெண்ணின் மானம் போகும். இவையெல்லாம் திருச்சபைச் சட்டம் ஏற்கும் காரணங்களின் பட்டியலிலிருந்து எடுத்தவை. எழுதிக் கொடுத்த குருவுக்கு எந்தக் காரணம் செல்லும் என்று தெரியும். ‘ஊர் சிறியது’ என்பது லோஸ் ஆல்தோஸைப் பொறுத்தவரை உண்மை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் குடியேறிய ஒரு சில பண்ணைக் குடும்பங்களே அங்கே திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டன. ஸ்பானிய வாரிசுரிமை மகன், மகள் எல்லோருக்கும் பங்கு கொடுத்ததால் ஒவ்வொரு தலைமுறையிலும் நிலம் துண்டானது. உறவுக்குள் கட்டினால் துண்டுகள் சேர்ந்தன. இந்தப் பொதுவான விளக்கம் பொருந்தி வருகிறது. உங்கள் தம்பதி நிலத்துக்காகக் கட்டினார்களா, காதலித்தார்களா என்பதை அந்தக் கோப்பிலிருந்து சொல்ல முடியாது. இன்னொரு விளக்கமும் இணையத்தில் அடிக்கடி காதில் விழும்: உறவுக்குள் கட்டினார்கள் என்றால் மறைந்து வாழ்ந்த யூதர்கள் என்று. நுவேவோ லியோனின் முதல் ஆளுநர் லூயிஸ் தே கர்வஹாலின் குடும்பத்தை மத விசாரணை மன்றம் துன்புறுத்தியதும், அதே பெயர் கொண்ட அவருடைய சகோதரி மகன் 1596-இல் மெக்ஸிகோ நகரில் எரிக்கப்பட்டதும் வரலாறு. அதை வைத்து, விலக்கு வாங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் யூத மூலம் கற்பிப்பது ஆதாரம் இல்லாத தாவல். ஆயரிடம் போய்க் கத்தோலிக்கச் சட்டப்படி அனுமதி வாங்கியது அதற்குச் சான்றாகாது.

வரைபடத்தையும் சோதிக்க வேண்டும். அது பெரியவர்களின் ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டது. மணமக்களின் பெற்றோர், தாத்தா பாட்டி வரை ஞாபகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். உச்சியில் இருக்கும் தம்பதியில் மனைவியின் பெயரும், யார் யாருடன் பிறந்தவர் என்பதும் சில சமயம் பிசகும். உங்கள் தம்பதி 1870 வாக்கில் பிறந்தவர்கள் என்றால், அடிமரத் தம்பதி அவர்களுக்குக் கொள்ளுத்தாத்தா பாட்டி. ஏறக்குறைய 1780-களில் பிறந்திருப்பார்கள். கீழிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஞானஸ்நானம், திருமணம் இரண்டையும் பிடித்துவிட்டு அடுத்த படிக்கு ஏறுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பங்குகளில் ஞானஸ்நானப் பதிவிலேயே நான்கு தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். உடன்பிறந்தவர்களை உறுதிசெய்ய அது போதும். அந்தக் காலத்துப் பழைய பதிவுகளில் இனப் பகுப்பும் இருக்கும்: எஸ்பாஞோல், மெஸ்திசோ, இந்தியோ, முலாத்தோ என்று. 1822-இல் அப்படிக் குறிப்பதற்குத் தடை வந்தது. ஒரே ஆள் வெவ்வேறு பதிவில் வெவ்வேறு பகுப்பில் வருவது சகஜம், அதை வைத்து ஆளை ஒதுக்காதீர்கள்.

குடும்பப் பெயர் இரண்டு பக்கமும் ஏமாற்றும். எர்னாந்தெஸ், கார்சியா போன்ற பெயர்கள் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றே அல்ல. மறுபக்கம், காலனிக் காலத்தில் பிள்ளைகள் எல்லோரும் அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. ஒரு மகள் பாட்டியின் பெயரை எடுத்துக்கொள்வாள். ‘குத்தியெர்ரெஸ் தே எர்மோசியோ’ போன்ற இரட்டைப் பெயரில் ஒரு கிளை முன்பாதியையும் இன்னொரு கிளை பின்பாதியையும் வைத்துக்கொள்ளலாம், பார்ப்பதற்கு இரண்டு குடும்பமாகத் தெரியும். ஹிமெனெஸ் என்ற ஒரே பெயரை மூன்று வெவ்வேறு முதலெழுத்துகளில் எழுதுவார்கள். இதனால் வரும் பெரிய ஆபத்து, இல்லாத உறவு முளைப்பது. ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் மூன்று மரியாக்கள் இருப்பார்கள்; பலர் சேர்ந்து தொகுக்கும் பொது மரத்தில் யாரோ ஒருவர் அவர்களை ஒரே ஆளாக இணைத்துவிட்டால், காகிதத்தில் ஒன்றுவிட்டவர்கள் மணந்ததாகத் தோன்றும். கணவர் பெயர், வாழ்ந்த பண்ணை, ஞானப்பெற்றோர், இறப்புப் பதிவில் உள்ள துணையின் பெயர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்தாமல் இரண்டு பதிவை ஒரே ஆளென்று சேர்க்காதீர்கள்.

ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1918-க்கு முன் நடந்த தேவாலயத் திருமணத்தில், மரம் ஒன்றுவிட்டவர்கள் என்கிறது, பதிவேட்டில் விலக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், முதலில் மரத்தைச் சந்தேகியுங்கள். பதிவேட்டில் விலக்கு இருக்கிறது, மரத்தில் உறவு இல்லை என்றால், நீங்கள் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு கோடு இருக்கிறது. இதில் முதல் சோதனைக்கு விதிவிலக்குகள் உண்டு. 1537-இல் மூன்றாம் பவுல் திருத்தந்தை பூர்வகுடி மக்களுக்குத் தடையை முதல் இரண்டு படிகளோடு நிறுத்தினார். ஆகவே இருவரும் ‘இந்தியோ’ என்று பதிவானால், இரண்டுவிட்ட உறவுக்கு விலக்கு இல்லாதது இயல்பு. ஒன்றுவிட்ட உறவுக்கு அவர்களுக்கும் தடை இருந்தது. 1926 ஜூலை முடிவிலிருந்து 1929 ஜூன் வரை, அரசுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் நடந்த கிறிஸ்தெரோ போர்க் காலத்தில் தேவாலயங்களில் பொதுவழிபாடு நின்றிருந்தது. வீடுகளில் மறைவாக நடந்த திருமணங்கள் பிறகு ஏற்றப்பட்டிருக்கலாம், ஏற்றப்படாமலும் போயிருக்கலாம். அரசுத் திருமணத்தில் மட்டும் விலக்கைத் தேடிப் பயனில்லை. மெக்ஸிகோவின் மத்திய உரிமையியல் சட்டத்தில் ஒன்றுவிட்டவர்கள் மணக்கத் தடையே இல்லை, மாமன்–மருமகள் உறவுக்குத்தான் அனுமதி வேண்டும்.

இனி அந்த 160 சென்டிமார்கன். மூன்றுவிட்டவர்கள் சராசரியாகச் சுமார் 73 பகிர்கிறார்கள், ஆனால் 200-ஐத் தாண்டியும் போகிறது. எனவே 160 என்பது தற்செயலாகவும் வரலாம்; இதை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது. நீங்கள் நினைத்தது கொள்ளுத்தாத்தா பாட்டியின் உறவுதான் இந்த எண்ணை உயர்த்தியது என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மற்றவர் உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தாவுடைய அண்ணனின் வழி என்று வைத்துக்கொள்வோம். கொள்ளுத்தாத்தா வழியில் மூன்றுவிட்டவர். கொள்ளுப்பாட்டி வழியாகவும் அவர் உறவு, ஆனால் அந்த வழியில் அடிமரம் உங்கள் மனைவிக்கு ஆறு தலைமுறை மேலே. அது ஐந்துவிட்ட உறவு. அதனால் கூடுவது சராசரியாக மூன்று நான்கு சென்டிமார்கன் மட்டும். அது 73-ஐ 160 ஆக்காது. ஆனால் அந்த அண்ணன் மணந்தது உங்கள் மனைவியின் கொள்ளுப்பாட்டியுடன் பிறந்த அக்காள் என்றால்? அப்போது இரண்டு வழியிலும் மூன்றுவிட்டவர்கள், எதிர்பார்ப்பு 146 வாக்கில் வந்து நிற்கும். அண்ணன் தம்பி இருவர் அக்காள் தங்கை இருவரைக் கட்டுவது அந்தப் பகுதியில் சாதாரணம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த அண்ணனின் திருமணப் பதிவைத்தான் முதலில் எடுப்பேன்; மணப்பெண்ணின் பெற்றோர் பெயர் ஒரே பார்வையில் விடை சொல்லிவிடும். அது பொருந்தாவிட்டால், பொருந்திய துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள். பத்துக்கும் கீழான சின்னச் சின்னத் துண்டுகள் பல சேர்ந்து 160 ஆகியிருந்தால், பல பழைய வழிகள் கூடியிருக்கின்றன. முப்பது, நாற்பது நீளத்தில் இரண்டு மூன்று துண்டு இருந்தால், நெருங்கிய ஒரு வழி இருக்க வாய்ப்பு அதிகம்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். உறவுக்குள் மணப்பதன் மரபியல் விளைவு அந்தத் தம்பதியின் பிள்ளைகளுக்குத்தான்: ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே மரபணுப் பிரதி அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து சேரலாம். இரண்டுவிட்டவர்களின் பிள்ளைக்கு அதன் அளவு 64-இல் ஒரு பங்கு. ஒன்றுவிட்டவர்களின் பிள்ளைக்கு 16-இல் ஒரு பங்கு. உங்கள் கணக்கில் அந்தப் பிள்ளை உங்கள் மனைவியின் தாத்தாவோ பாட்டியோ. அவர் உறவல்லாத ஒருவரை மணந்திருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் அந்த விளைவு அங்கேயே நின்றுவிட்டது. அது சொத்துப்போல இறங்கி வருவதில்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீங்களும் ஹாலிஸ்கோ வழியில் வந்த உங்கள் மனைவியும் பெற்ற மகளுக்கு, 1894 திருமணத்தால் கூடுதல் ஆபத்து ஏதுமில்லை. எந்த இரு மனிதரும் தற்செயலாக ஒரே நோய்க்கான மரபணுவைச் சுமக்கலாம் என்பது வேறு விஷயம். வீட்டில் குறிப்பிட்ட ஒரு பரம்பரை நோய் இருந்தால் அதை மரபியல் ஆலோசகரிடம் கேளுங்கள். குடும்ப மரம் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல அது.

மரத்தில் ஏற்றும்போது அடிமரத் தம்பதியை இரண்டு முறை புதிதாக உருவாக்காதீர்கள். ஒரே தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள், அவர்களிலிருந்து இரண்டு கோடு கீழே வந்து 1894-இல் சேர வேண்டும். சரியாக ஏற்றியிருந்தால் உங்கள் மனைவிக்கு ஆறாம் தலைமுறையில் 64 இடங்களுக்கு 62 பேர்தான் இருப்பார்கள், வேறு எந்தத் திருமணமும் உறவுக்குள் நடக்காதவரை. அந்தப் பகுதியில் 62-லேயே நிற்பது அபூர்வம். மேலே போகப் போக இதே உச்சித் தம்பதி வேறு கோப்புகளின் வரைபடங்களிலும் வந்து நிற்பார்கள், அதனால் அவர்களுடைய பெயர்களை இரண்டு குடும்பப் பெயரோடும், பண்ணையின் பெயரோடும், கோப்பின் ஆண்டு, பக்க எண்ணோடும் இப்போதே தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு கிடைத்து, எழுத்து புரியவில்லை என்றால் வரைபடம் உள்ள பக்கத்தையும் அதற்கு முன் பக்கத்தையும் சேர்த்து இங்கே போடுங்கள். வரைபடத்தில் சுருக்கி எழுதிய பெயர்கள் பெரும்பாலும் முன் பக்கத்து விண்ணப்பத்தில் முழுசாக இருக்கும்.